உப்புக் கணக்கு

முதல் தடவை விழுந்தது அடுப்படியில்.
இரண்டாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றாவது வாசலில்,
ஐஸ் வண்டிக்காரன் பார்த்துவிட்டான்.
அன்றிலிருந்து சின்னப்பாலம் முழுக்க
என் இடது மணிக்கட்டுதான் பேச்சு.

நாற்பத்தோரு வருஷம் பாசி எடுத்தவள் நான்.
விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத்தட்டு கட்டி,
குருசடைத் தீவுப் பக்கம் நீவாடு இழுக்கிற இழுப்பில்
வழுக்குப் பாறைமேல் நின்றிருக்கிறேன்.
எந்தக் காலை எங்கே ஊன்ற வேண்டுமென்று
காலுக்கே தெரியும், என்னைக் கேட்காது.
இப்போது சமதரை.
கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவே
பத்தடி சிமெண்டு.
ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்தேன்,
கண்ணில் கருப்பு ஏறியது,
அவ்வளவுதான் ஞாபகம்.

"அந்த மனசு மாத்திரைதான் தள்ளிவிடுது" என்றாள் சீனியம்மா,
என்னோடு ஒரே வத்தையில் கடலுக்கு வந்தவள்.
"நிறுத்திப்போடு."

மாத்திரைக்கு முந்தின எட்டு மாசத்தை
அவள் மறந்திருப்பாள்.
வீட்டில் சாவு இல்லை, கடன் இல்லை.
என்ன காரணம் என்று கேட்டவர்களுக்கு
தராசில் வைத்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.
கச்சான் அடித்தது, வாடை அடித்தது,
எனக்கு எல்லாம் ஒரே காற்று.
நம்புராஜன் நெத்திலி வறுத்து வைப்பான்,
எறும்பு தின்னும்.
உட்கார்ந்தால்
உட்கார்ந்திருப்பதே பெரிய வேலை.

பிறகு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி,
ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.
ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
"குழம்பில் புளி கூட" என்றேன்.
கரண்டியைப் பிடித்தபடி
மகன் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்,
ரொம்ப நேரம்.

அதை எப்படி நிறுத்த?
நிறுத்தினேன். மணிக்கட்டுப் பயம்.
ஐந்து நாள்.
தலைக்குள் மின்கம்பி உரசி உரசி விட்டது.
ஆறாம் நாள் நானே பஸ் ஏறினேன்.

டாக்டர் பானு திட்டவில்லை.
படுக்கவைத்து ஒரு பிரஷர் பார்த்தார்,
நிற்கவைத்து ஒன்று.
இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம்.
தூக்கத்துக்கென்று மருந்துக்கடையில் நானாக வாங்கிய
மஞ்சள் மாத்திரையைப் பையிலிருந்து எடுத்து
தன் மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.
அப்புறம் ரத்தக் காகிதம் வந்தது.

"அம்மா, உங்க ரத்தத்தில் உப்பு குறைஞ்சிருக்கு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
வாயாலும் மூக்காலும் நான் குடித்த கடல் எவ்வளவு!
சேலை காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்குமே,
தலையணைகூடக் கரிக்குமே,
அத்தனையும் எங்கே போச்சு, டாக்டரம்மா?
அவரும் சிரித்தார்.
வயசானவர்களில் சிலருக்கு
இந்த மாத்திரை அப்படிச் செய்யுமாம்.
கல்லுப்பு தின்று அதைச் சரிக்கட்ட முடியாதாம்.
மூன்று நாள் வார்டில் வைத்திருந்து
வேறு மாத்திரைக்கு மெதுவாக மாற்றினார்.
"இது விழவைக்காதா?"
"வைக்கலாம். பார்ப்போம். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.
எழுந்ததும் நடக்காதீங்க,
கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்காருங்க."

ஒரு நிமிஷம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
ஒரு முழுக்கு.
ஒரு கை மரிக்கொழுந்துப் பாசி.

இப்போதும் ஒன்றரைக்கு முழிப்பு வருகிறது.
மகன் மாட்டிய சின்ன பல்பு எரிகிறது.
காலைத் தொங்கவிட்டு உட்காருகிறேன்,
மூச்சைப் பிடித்து எண்ணுகிறேன்.
பிடிக்கச் சொல்லவில்லை அவர்,
பழக்கம்.
தரை லேசாக ஆடி நிற்கிறது.
எழுந்து சுவரைத் தொடுகிறேன்.

நேற்று சாயங்காலம் சீனியம்மா வந்தாள்.
ஊர்ப்பேச்சு எல்லாம் பேசி முடித்து, செருப்பை மாட்டும்போது,
அந்த மாத்திரைக்கு என்ன பேர் என்று கேட்டாள்.
மதினிக்காம்.
பேர் எனக்கு வாயில் நுழையாது, நீயே வா என்றேன்,
புதன்கிழமை, ஏழு மணி பஸ்.
சரி என்று சொல்லவில்லை.
படியில் இறங்கும்போது
கதவைப் பிடித்துக்கொண்டாள்.