கை போகும் இடம்

பள்ளிப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில்
மருந்துக் கிடங்கின் ஓரம் எனக்கொரு நாற்காலி.
மடிக்கணினியில் விதிகள்:
நெஞ்சு வலி எனில், வியர்வை எனில், வயது ஐம்பது தாண்டியது எனில்.
டாக்டர் எழிலரசி கேட்டதற்கெல்லாம் சொன்னார்,
வாய்மொழித் தேர்வில் சொல்வதுபோல.
பக்க எண் மட்டும்தான் பாக்கி.

நூற்றுப்பன்னிரண்டு விதி.
திரையில் பச்சை எரிந்தது. டீ குடிக்கப் போனேன்.

அந்த வாரமே கங்குலப்பா வந்தார்.
நகரிக்கு அந்தப் பக்கம் பிறந்தவர், விசைத்தறிக்காரர்,
தறியை மீறிப் பேசிப் பழகிய தொண்டை.
"மண்ட, மண்ட" என்றார்.
பதிவு மேசைப் பையன் 'தலை'யைத் தொட்டான்.
என் கருவி சற்றும் தயங்காமல்
மாத்திரை இரண்டு, போய் வரலாம் என்றது.

தேசம்மாள் சிஸ்டர் ஊசித் தட்டை வைத்துவிட்டு
அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.
தெலுங்கில் மண்ட என்றால் எரிச்சல்.
ஈசிஜி காகிதம் மெல்ல வெளியே வந்தது;
நான் டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தேன்.
ஆம்புலன்ஸ் திருத்தணிச் சாலையில் ஏறியபோதும்
என் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது சிஸ்டர்?"
"தெரிஞ்சுது."
"இல்ல, முதல்ல எதைப் பார்த்தீங்க?"
"மூஞ்சிய."
"அப்புறம்?"
"கைய. மண்டங்கறாரு, கை தலைக்கே போகல."
"போயிருந்தா?"
கொஞ்ச நேரம் பஞ்சைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
"போயிருந்தா நானும் மாத்திரைதான் குடுத்திருப்பேன்."

மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அது.

கங்குலப்பா பிழைத்தார். அதில் எனக்குப் பங்கில்லை.
மண்ட என்ற சொல்லுக்கு இரண்டு கதவு வைத்தேன், அது எளிது.
கைக்குத்தான் என்னிடம் கட்டம் இல்லை.
அறிகுறிப் பட்டியலைத் தூக்கிவிட்டு
வெறும் ஆள் உருவம் வரைந்தேன், முன்னும் பின்னும்,
வந்தவர் தாமே விரல் வைக்கும்படி.
கீழே ஒரு வரி:
எது வேறாக இருந்திருந்தால் உங்கள் மனம் மாறியிருக்கும்?
டாக்டர் அதைக் காலியாக விடுகிறார்.
தேசம்மாள் நிரப்புகிறார், எழுத்துப் பிழையோடு,
சில நாள் இரண்டு பக்கத்துக்கு.

நேற்று ஒரு புள்ளி
உருவத்துக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, வெறும் வெள்ளையில்.
செல்லாத உள்ளீடு என்று சிவந்தது திரை.
விசாரித்தேன்.
பாவு ஓட்டும் பெண்ணாம், பெயர் ஜமுனா.
வலி எப்போது? தறி நின்றால்.
நூல் வந்து ஒன்பது நாள்.

அந்தத் தடைவிதியை அழிக்கவில்லை.
முன்னால் ஒரு குறி போட்டு உறங்க வைத்திருக்கிறேன்.
எனில் என்று தொடங்குகிறேன்,
அதற்குமேல் விரல் ஓடவில்லை.