ஒன்பதாவது சதுரம்

வெருலம். புதன்கிழமை. மாலை ஆறு.
ஏழு வீடுகளில் ஏழு உறுப்பினர்கள்;
குறிப்பெழுதும் நான் எட்டாவது சதுரம்.
என் கேமரா அணைந்தே இருக்கலாம்,
எழுதுகிறவளுக்கு முகம் எதற்கு என்பது இங்கே வழக்கம்.

தலைவர் தேவன் படயாச்சி
முதுகுக்குப் பின்னால் பொய்யாக
ஒரு புத்தக அலமாரியை மாட்டியிருந்தார்.
தலையை ஆட்டும்போதெல்லாம் அது
அவர் காதுகளைத் தின்றது.

விதிகளை நான் வாசித்தாக வேண்டும்,
எவரும் கவனிப்பதில்லை:
யார் எங்கிருந்து பேசினாலும்
கூட்டம் ஊருக்குக் கேட்க வேண்டும்.
நுழையும் எண்ணை மூன்று நாள் முன்பே
நூலகத்திலும் சந்தையிலும் ஒட்ட வேண்டும்.
வாக்களிப்பவர் முகம் தெரிய வேண்டும்.
ஊருக்குக் குரல் அறுந்தால்
திரும்பும் வரை கூட்டம் நிற்க வேண்டும்.

சந்தையில் ஒட்டியவள் நான்தான்,
ஈமச் சடங்குக் காப்பீட்டு விளம்பரத்துக்கும்
காணாமல்போன நாயின் படத்துக்கும் நடுவில்.
இரவு மழையில் கடைசி இரண்டு இலக்கம் கரைந்தது.
மறுநாள் போய்ப் பேனாவால் எழுதினேன்.

ஆறு பன்னிரண்டுக்கு
ஒன்பதாவது சதுரம் முளைத்தது.
பெயரில்லை. 417 என்று முடியும் ஓர் எண்.
வாளி கல்லில் உராயும் சத்தம்,
வரிசையை ஜூலுவில் யாரோ திட்டும் சத்தம்.
'பொதுமக்கள்: ஒருவர்' என்று எழுதினேன்.

தண்ணீர் லாரியைப் பற்றித்தான் பேச்சு.
வாரம் நான்கு நடையை இரண்டாக்கலாமா?
மேட்டுத் தெருக்களில் மட்டும், என்றார் மூனியன் ரெட்டி,
பொறுமையாக.
அவருக்குப் பின்னால் நீச்சல் குளத்தில்
கடைசி வெயில் நெளிந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்கு மின்வெட்டு,
அட்டவணை தவறாத இருட்டு.
இன்வெர்ட்டர் உள்ளவர்கள் ஒளிர்ந்தார்கள்.
ஒருவர் காணாமல் போனார்.
மெழுகுவத்திக்கு மேலே தாண்டேகாவின்
மூக்கு மட்டும் தெரிந்தது.
மூக்கும் முகத்தில் சேர்த்தியா,
விதி சொல்லவில்லை.

ஏழு எட்டுக்கு 417 போய்விட்டது.
டேட்டா தீர்ந்ததோ, கோபுரம் அணைந்ததோ,
வாளி நிறைந்து
இரண்டு கையும் வேண்டியிருந்ததோ.

ஏழு பத்துக்கு வாக்கெடுப்பு.
காதும் காதும் வைத்தாற்போல் என்பார்கள்;
இது காதே இல்லாமல் நடந்தது.
நான்குக்கு இரண்டு.
"நிறைவேறியது. எழுதிக்கொள்ளம்மா."

அம்பலம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம்.
ஊர் கூடும் இடமும் அதுதான்,
மூடியது வெட்டவெளிக்கு வருவதும் அதுதான்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்
எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து நொந்தாரோ.

கேமராவைப் போட்டேன்.
எட்டாவது சதுரத்தில் சார்ஜ் விளக்கும்
காலையிலிருந்து சீவாத தலையும்.
"ஊர் அறுந்த பிறகு எடுத்த வாக்கு.
எழுத முடியாது."

கிஸ்டன் சிரித்தார்: "ஒரே ஒரு ஆள்தானே?"
"ஆமாம். ஒரு ஆள்."

படயாச்சி ஒலியை அணைத்துக்கொண்டார்.
அப்புறம் வாய் நெடுநேரம் அசைந்தது.
'தலைவர் யோசித்தார்' என்று குறித்தேன்.

காத்திருந்தோம்.
எவ்வளவு நேரம் என்பதும் விதியில் இல்லை.
ரெட்டியின் வீட்டில் யாரோ அப்பளம் பொரித்தார்கள்,
மெழுகுவத்தி இருமுறை மாற்றப்பட்டது.
பழைய எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன்:
அணைக்கப்பட்டிருக்கிறது.

ஏழு நாற்பத்தொன்றுக்கு ஓர் எண் வந்தது.
417 இல்லை. ஆனால்
அதே வாளி, அதே கல்.
"இரவல் போன். சீக்கிரம் திருப்பித் தரணும்.
முடிச்சிட்டீங்களா?"

ஆறு பேரும் தத்தம் திரையைப் பார்த்தார்கள்.
"இல்லை," என்றேன், "உங்களுக்காகத்தான் நிற்கிறது."

மறுவாக்கு மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.
நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.
கேளுங்கள்,
அதற்கும் ஒரு விதி உண்டு.