நாற்பத்தாறு

மாலை நான்கு மணிக்கு மன்றம் கூடியது.
வந்தவர்கள் பதினொருவர்.
வராதவர் ஒருவர், கெயுல்மே தீவிலிருந்து; படகைத் தவறவிட்டார்.
குறிப்பு: எதுவினா பார்ரியா, அதாவது நான்.

தகரக் கூரையில் மழை
யாருக்கும் வழிவிடாமல் பேசிக்கொண்டிருந்தது.
ஈர விறகை அடுப்புக்குள் திணித்துவிட்டு
தலைவர் வாசித்தார்.
பாலத்துக்கு இதுவரை ஆனது இவ்வளவு.
முடிக்க இன்னும் இவ்வளவு.
இரண்டாவது இவ்வளவுக்கு முன்னால்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே நீரிணையில்
இரண்டு தூண்கள் நிற்கின்றன.
நீர்க்காகங்கள் குடிவந்து மூன்று வருடமாகிறது.

ஓஸ்வால்தோ மான்சில்லா எழுந்தார், எதிர்த்தரப்பு.
"நாற்பத்தாறாயிரம் கோடி பெசோ என்று சொல்லித்தானே
பதினொரு வருடத்துக்கு முன்னால் எங்களைக் கை தூக்க வைத்தீர்கள்?
இன்றைக்குத் தொண்ணூறாயிரம். நாளைக்கு?
பாலம் ஒரு முழம் நீளக் காணோம், பில் மட்டும் நீள்கிறது.
யாருக்கு இது? சால்மன் கம்பெனி லாரிகளுக்கா?
எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்
வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படிக்கிறார்கள்."
மேசை தட்டல். பதிந்தேன்.

ரோசௌரா கார்க்காமோ குரலை உயர்த்தவில்லை.
"என் தங்கை படகுத்துறையில், ஆம்புலன்ஸுக்குள்,
காற்று அடங்கட்டும் என்று படுத்துக் கிடந்தாள். ஆறு மணி நேரம்.
காற்று அடங்கியது. அவளும்தான்.
அந்த ஆறு மணி நேரத்துக்கு உங்கள் பட்டியலில்
எந்தப் பத்தியில் விலை போட்டிருக்கிறீர்கள்?"
யாரும் மேசையைத் தட்டவில்லை.
ஒரு வரி விட்டு அடுத்ததை அடித்தேன்.

சாந்தியாகோவிலிருந்து வந்த அதிகாரி
இரும்பு விலை என்றார், டாலர் என்றார்,
கடலடிப் பாறை நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது என்றார்.
பாறை மறுப்புக் கடிதம் எழுதப் போவதில்லை.

பிறகு யாரோ பழைய குறிப்பேட்டைக் கேட்டார்கள்.
நான்தான் போனேன். அலமாரியெல்லாம் பூஞ்சை வாசம்.
பக்கம் பதினேழு.
அதன் பின்னால் பொறியாளர் அறிக்கை,
கிளிப் துருப்பிடித்துத் தாளோடு தாளாகியிருந்தது.
நகத்தால் நெம்பிப் பிரித்தேன்.
அதில் 64.
என் பக்கத்தில் 46.

அன்றிரவு மகனுக்குக் காய்ச்சல். கடைசிப் படகு ஒன்பதரைக்கு.
இரண்டு விரல்கள் முன்பின்னாக இறங்கியிருக்கின்றன,
நடந்தது அவ்வளவுதான்.
பதினெட்டாயிரம் கோடி
சத்தமில்லாமல் தண்ணீரில் விழுந்திருக்கிறது.
கீழே பன்னிரண்டு கையெழுத்துகள்.
பொறியாளருடையதும் உண்டு.
இருப்பதிலேயே பெரிதாகச் சுழித்திருப்பது மான்சில்லாதான்.
யாருமே படிக்கவில்லையா?
படித்துவிட்டு, இந்த எண்ணே நன்றாயிருக்கிறது என்று
விட்டுவிட்டார்களா?

குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.
உட்காரவில்லை.
"தலைவர் அவர்களே, ஒரு திருத்தம்."
முப்பது வருடத்தில் முதல் தடவை
அந்த அறையில் என் குரல் எனக்குக் கேட்டது.
அவர் அன்பாகத்தான் சொன்னார்:
"எதுவினா, குறிப்பெடுப்பவருக்குப் பேச்சுரிமை இல்லை."
விதி சரிதான்.
அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
அவர் கை நீட்டிக் குறிப்பேட்டை வாங்கினார்,
நாற்பத்தாறு என்று உரக்கப் படித்தார்,
மான்சில்லா வெற்றியோடு சுற்றிலும் பார்த்தார்.

தீர்மானம்: செலவு ஏன் ஏறியது என்று ஆராய ஒரு குழு.
குழுவுக்கு நிதி.
தொகையைச் சொன்னார்கள்.
மூன்று முறை சரிபார்த்து அடித்தேன்.
அதற்குக் கீழே:
குறுக்கீடு ஒன்று. அனுமதி மறுக்கப்பட்டது.

எல்லாரும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
பன்னிரண்டு நகல்கள்.
ஒவ்வொன்றோடும் பக்கம் பதினேழு,
அதற்கு எதிரே அந்த அறிக்கை,
புதுக் கிளிப்.
நாளைக்குக் கையெழுத்துக்கு வைப்பேன்.
புரட்டுவார்களா, தெரியாது.

துறையில் சங்கு ஊதியது. ஒன்பதரை.
இந்தத் தடவை நான் ஓடவில்லை.
அடுத்த படகு காலை ஆறே காலுக்கு,
காற்று விட்டால்.