ஜெபக் குறிப்பு

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு
எங்கள் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம்.
பாய் விரித்து, ஃபேனைக் குறைத்து,
பதினோரு பெண்கள் கண்ணை மூடியிருந்தோம்.
கண்ணை மூடினால்
காது நன்றாகத் திறந்துகொள்ளும்.

என் முறை வந்தது.
"ஆண்டவரே, ரோஸ்லெட் அக்காளின் மகள் பெனிஷாவை
உம்முடைய கரத்தில் தருகிறோம்.
அருமனை சந்திப்பில், ராத்திரி ஒன்பதரைக்கு,
இருட்டில்,
யாரோ ஒருவனுடைய பைக்கில் வந்து இறங்குகிற
அந்தப் பிள்ளையை நீர் காத்துக்கொள்ளும்."

ஆமென் என்றார்கள்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக,
வாயில் மிட்டாய் கிடப்பதுபோல.

ரோஸ்லெட் அக்காள் அன்றைக்கு வரவில்லை.
வந்திருந்தால் ஜெபித்திருப்பேனா?

ஆண்டவருக்குத் தெரியாத நேரமா,
தெரியாத பைக்கா?
உறையின் மேல்தான் அவர் பெயர்.
கடிதம் வலதுபக்கம் இருந்த விமலபாய்க்கு,
அவளுக்கு அப்புறம் இருந்தவளுக்கு.

தட்டில் ஊற்றிய ரப்பர் பாலுக்கு
ஆசிட் தண்ணீர் ஒரு கோப்பை போதும்.
ராத்திரி பால், காலையில் ஷீட்.
மெஷினில் கொடுத்துப் பிழியலாம்,
புகையில் தொங்கவிடலாம், விற்கலாம்.
திரும்பப் பாலாக்க
களியலிலிருந்து மார்த்தாண்டம் வரை
ஒருவருக்கும் தெரியாது.
இருபது வருஷமாக நான்தான் கலக்குகிறேன்.
அளவு எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள் உறைந்துவிட்டது.
பாடகர் பெஞ்சில் அக்காளின் இடத்தில்
யாருடைய கைப்பையோ இருந்தது.
பெனிஷா ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டாள்
என்றார்கள்.
என்றார்கள் என்றுதான் சொல்கிறேன்.
நான் பார்க்கவில்லை.

புதன்கிழமை அவர்கள் விளைக்கு ஏறிப் போனேன்.
வழியெல்லாம் இரண்டு பேச்சு கையில் வைத்திருந்தேன்:
தெரியாமல் சொல்லிவிட்டேன்;
நல்லதுக்குத்தான் சொன்னேன்.
இரண்டில் எது பொருந்தும் என்று
ஒவ்வொரு மரத்திடமும் சொல்லிப் பார்த்தேன்.

அக்காள் மரச்சீனி தோலுரித்துக்கொண்டிருந்தாள்.
இரி என்று சொல்லவில்லை.
கத்தியும் நிற்கவில்லை.
"எம் பிள்ளைக்காட்டு ஜெபிச்சியாமே."

வாயைத் திறந்தேன்.
இரண்டு பேச்சும் வரவில்லை.
"அக்கா, சந்திப்புல ஹைமாஸ்ட் லைட்டு எரிஞ்சுது.
பகல் மாதிரி எரிஞ்சுது.
அந்த வெளிச்சத்துலதான் நான் பாத்தேன்.
இருட்டுன்னது நான் சேத்தது."

கத்தி நின்றது.

"அந்தப் பையன் ஆருண்ணு கேக்கலியே நீ."
"கேக்கல."
"கேட்டாலும் சொல்ல மாட்டேன்.
லைட்டு எரிஞ்சத எங்கிட்ட பறைஞ்சு என்ன காரியம்?
எங்க பறைஞ்சியோ அங்க போய் பறை."
கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.
சாயா இல்லை. வாசல்வரை வரவில்லை.

அடுத்த வெள்ளி, விமலபாய் வீடு.
என் முறை வந்தபோது
"கண்ணை மூட வேண்டாம்" என்றேன்.
திறந்த கண்கள் பத்து ஜோடி.
ஊரில் அத்தனை பேரையும் ஒரேயடியாக
நான் அதுவரை பார்த்ததே இல்லை.

சொன்னேன். ஐந்து வாக்கியம்.
இருட்டு என்ற சொல்லைத் திரும்ப எடுக்க
அதை இன்னொரு தரம் உச்சரிக்க வேண்டியிருந்தது.

இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா
ஒருவருக்கும் தெரியவில்லை.
விமலபாய் கால் விரலைப் பார்த்தாள்.
யாரோ, பாட்டு ஒண்ணு படிப்போமா என்றார்கள்.
படித்தோம். சுருதி சேரவில்லை.

பெஞ்சில் இப்போதும் கைப்பைதான் இருக்கிறது.

என் ஜெபம் குறுகிவிட்டது.
ஆண்டவரே, பெனிஷா.
அவ்வளவுதான், பெயர் மட்டும்.
ஆனாலும் சில வெள்ளிக்கிழமைகளில்
பெயருக்குப் பின்னால் ஒரு சொல் வந்து
நாக்கு நுனியில் நிற்கிறது,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.
விழுங்குகிறேன்.
நல்லமிளகு மாதிரி
தொண்டை முழுக்க எரிந்துகொண்டு இறங்குகிறது.