எல்லை வரைதல்

ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் பாடவேளை.
"நாட்டின் எல்லையைப் பென்சிலால் வரைக" என்றேன்.

கருங்கடல் சரி. காக்கசஸ் சரி.
கோரிக்கு வடக்கே வந்ததும்
ஷோத்தா கையைத் தூக்கினான்:
"டீச்சர், நேற்றைய எல்லையா, இன்றையதா?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.
இரவோடு இரவாக முள்கம்பி நகர்ந்ததில்
அவன் வீட்டு ஆப்பிள் மரங்கள் பதினொன்று
அந்தப் பக்கம் போய்விட்டன.
நாய் மட்டும் போய்ப் போய் வருகிறது
அடையாள அட்டை இல்லாமல்.

பாடநூலில் கோடு மலைமுகட்டில், தடிமனாக.
தேர்விலும் அதுதான் விடை.
ஐந்து மதிப்பெண்.

"ரப்பர் இருக்கிறதா?"
இருந்தது.
"அப்படியென்றால் அழுத்தாமல் வரை."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
முதுகுக்குப் பின்னால்
நுட்ஸா தன் கோட்டை
மேலும் மேலும் அழுத்துகிற சத்தம்.

முனை ஒடிந்தது.
யாரோ ஷார்ப்னர் நீட்டினார்கள்.