நான் என்று எழுதவேண்டிய இடம்

"ஐந்நூறு சொற்களுக்குள் உங்களைப் பற்றி"
என்றது படிவம்.
நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் முடித்து
ஹேசலிடம் கொடுத்தேன். வார்டு மேனேஜர்.
அவள் கையெழுத்து இல்லாமல்
என் கையெழுத்து செல்லாது.

இரண்டு நாள் கழித்துத் திரும்பிவந்த தாளில்
பதினோரு இடத்தில் சிவப்பு.
'வீ' என்று நான் எழுதிய இடமெல்லாம்
'ஐ' நின்றது
சலைன் ஸ்டாண்டு போல, ஒற்றையாய்.
"அவர்கள் உன்னைத்தான் எடுக்கப்போகிறார்கள்,
வார்டை இல்லை" என்றாள்.
நல்லவள்.
எனக்குக் கோபம் வரவில்லை.
கொஞ்சம் வந்தது.

விடியற்காலை மூன்று மணிக்கு
நூற்றுப்பத்து கிலோ மனிதரை இடப்பக்கம் திருப்புவது
நானா?
மாரிவிக் தோளைப் பிடிப்பாள், நான் இடுப்பை.
சில ராத்திரி அவரே கட்டில் கம்பியைப் பற்றி
ஒரு கை கொடுப்பார்.
அப்போது அது நாங்கள்கூட இல்லை,
நாம்.
அந்த வித்தியாசத்தை டிக் அடிக்கக்
கட்டம் எதுவும் இல்லை படிவத்தில்.

இரண்டாம் கேள்வி: ஏன் இந்தப் படிப்பு?

நவம்பரில் ஒரு ராத்திரி.
ஆறாம் கட்டில், திருமதி ப்ளென்கின், மூச்சு முட்டுகிறது.
என்ன மருந்து என்று எனக்குத் தெரியும்.
எத்தனை மில்லிகிராம் என்று தெரியும்.
அலமாரிச் சாவி என் இடுப்பில்.
எழுதிக்கொடுக்க வேண்டிய டாக்டர்
நான்கு மாடி கீழே
வேறு யாரோ ஒருவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கிறார்.
ஐம்பது நிமிடம்
தெரிந்ததையெல்லாம் வைத்துக்கொண்டு
அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.
பிழைத்துவிட்டார்.
பிழைத்துவிட்டதால் அது எந்த அறிக்கையிலும் இல்லை.

அதை எழுதியிருந்தேன்.
அந்தப் பத்தியில் மட்டும் சிவப்பு இல்லை.

அனுப்பியது ஜனவரி. இப்போது மார்ச் கடைசி.
"பரிசீலனையில் உள்ளது."
பெவர்லி ரோட்டில் பஸ் நிற்கிற ஒவ்வொரு சிக்னலிலும் பார்க்கிறேன்.
பரிசீலனையில் உள்ளது.
ஹம்பர் நதி கடலுக்கு முன்னால்
போகலாமா வேண்டாமா என்று
சேற்று நிறத்தில் நிற்கிறதே, அப்படி.

ஆதிரை கேட்கிறாள்:
"அம்மா, நீ டாக்டராகப் போறியா?"
"இல்ல."
"அப்ப இதே நர்ஸா?"
"இல்ல."
எட்டு வயசு. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு
இன்டர்வியூ எடுத்த மூன்று பேரையும்விட
உன்னிப்பாய்ப் பார்க்கிறாள்.

"ரிசல்ட் வந்ததும் சொல்றேன்" என்று
பதினான்கு வருஷமாய் எத்தனை பேரிடம்
திரைச்சீலையை இழுத்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.
இப்போதெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்கிறேன்.
இன்னும் வரவில்லை என்பதைக்கூட.

ஒன்றைச் சொல்லவில்லை.
மாரிவிக்கும் விண்ணப்பித்திருக்கிறாள்.
வார்டுக்கு ஒரே ஒரு இடத்துக்குத்தான் பணம்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
இடைவேளையில் பிஸ்கட்டை
முன்பைவிடச் சரிபாதியாக உடைக்கிறோம்.

இன்று பிற்பகல் இரண்டு பத்து.
ஒன்பதாம் கட்டிலில் டெரி,
ஐஸ்லாந்து வரை மீன்பிடிக்கப் போனவர்,
இப்போது தலையணை வரை நகர்த்த ஆள் வேண்டும்.
விரிப்புக்கடியில் கை நுழைத்தோம்.
என் பையில் போன் அதிர்ந்தது.
ஒரு மூச்சு விடும் நேரம்.
அவள் பையிலும்.

நான்கு கையும் அவருக்கு அடியில்.
அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும்.
டெரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்:
"ஏன் பெண்களா, அவ்வளவு கனமா நான்?"

"தயாரா?" என்றாள் மாரிவிக்.
ஒன்று, என்றேன்.
இரண்டு, என்றாள்.
மூன்றை
மூன்று பேரும் சொன்னோம்.