நாற்பத்தொன்றாவது வண்டி

மகளின் கணக்கு நோட்டில்
பின்பக்கம் காலியாக இருந்தது.
அதில் தொடங்கினேன்.
இரவு பதினொன்று முதல் விடியல் ஐந்து வரை
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

சாலையைப் பார்க்கும் ஜன்னல்
எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று, சமையலறையில்.
காலி சிலிண்டர் மேல் பலகை போட்டு உட்கார்ந்தால்
கன்டெய்னர்களின் தலை மட்டும் தெரியும்:
சிவப்பு, நீலம், துருவேறிய பச்சை,
எனக்குப் படிக்க வராத சீன எழுத்து.
ஒவ்வொன்றுக்கும் டம்ளர் ஸ்டாண்டு
சின்னதாய் ஒரு பதில் சொல்லும்.

இது இப்போதே.
நாற்பத்தெட்டு ஏக்கரில் டிப்போ வந்தால்
எத்தனை என்று அறிக்கையில் இருக்கிறதாம்.
அறிக்கை அறுநூற்று நாற்பது பக்கம்,
தமிழில் பன்னிரண்டு.

மணலி புதுநகரின் போக்குவரத்தை அளந்த நாள்
ஜனவரி பதினாறு என்று போட்டிருந்தது.
ஹேமாவதிதான் காலண்டரைப் புரட்டினாள்.
காணும் பொங்கல்.
அன்றைக்குப் பையன்கள்
நடுரோட்டில் செங்கல் அடுக்கி
சாயங்காலம் வரை கிரிக்கெட் ஆடினார்கள்,
ஒரு பந்துகூட வண்டிக்காக நிற்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் இன்னொன்று:
'அருகாமையில் ஒலி உணர் ஏற்பிகள் ஏதுமில்லை.'
ரவணம்மா கேட்டாள், "ஏற்பின்னா யாருடி?"
யாருக்கும் தெரியவில்லை.
மறுநாள் நூலகத்தில் அகராதி பார்த்துவிட்டு வந்த ஏசுபாதம்
செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:
"காது இருக்கறவங்க."

என் தம்பி புருஷோத்தமன்
இருபத்திரண்டு சக்கரம் ஓட்டுகிறான்.
எங்கள் முனை வந்தால்
ஹெட்லைட்டை இரண்டு முறை தாழ்த்துவான்.
ஹாரன் அடிக்க மாட்டான், பிள்ளை தூங்குகிறாள் என்று.
மூன்றாம் இரவு, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால்,
பேனா ஒரு நொடி நின்றது.
பிறகு அவனுக்கும் ஒரு கோடு.
நாற்பத்தொன்று.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
நேற்றைய காதணி விழா பேனரை
யாரும் இன்னும் அவிழ்க்கவில்லை.
சமோசா கம்பெனி செலவு.
எதிர்ப்புக்கு மஞ்சள் டோக்கன், ஆதரவுக்கு வெள்ளை.
என் முறை வந்தபோது மைக் உயரமாய் இருந்தது.
"ஆறு ராத்திரி, ஆயிரத்து எண்ணூற்றுப் பதினேழு வண்டி" என்றேன்.
கோட்டு போட்டவர் கேட்டார்:
"எண்ணினது யாரு? நீங்க நிபுணரா?"
"இல்ல சார். ஏற்பி."
பின்வரிசையில் ஏசுபாதம் மட்டும் சிரித்தார்.

எனக்கு அடுத்து வெள்ளை டோக்கன்.
புருஷோத்தமன்.
வருவதாகச் சொல்லவே இல்லை.
ஹார்பர் கேட் வரிசையில்
முப்பத்தாறு மணி நேரம் நின்றதைச் சொன்னான்.
ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குவது,
தண்ணீர் பாட்டிலில் மூத்திரம் பெய்வது,
மகன் பிறந்தது போனில் தெரிந்தது.
"டிப்போ இங்க வந்தா
சரக்க இறக்கிட்டு ராத்திரி வீட்டுக்குப் போவேன் சார்.
அவ்ளோதான்."
நான் கை தட்டவில்லை.
எங்கள் தெருவில் யாரும் கூச்சலும் போடவில்லை.
ரவணம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நோட்டை வாங்கி, இணைப்பு ஏழு என்று எழுதி
கோப்பில் கட்டினார்கள்.
முன்பக்கத்தில் மகளின் வீட்டுப்பாடமும் போயிற்று,
ஏழெட்டு ஐம்பத்துநாலு என்ற இடத்தில்
டீச்சர் போட்ட சிவப்பு வட்டத்தோடு.

அவன் பைக்கில்தான் வீட்டுக்கு வந்தேன்.
சாத்தாங்காடு தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை.
ஒரு டிரெய்லருக்கு ஒதுங்கி நின்றபோது
திரும்பாமலே கேட்டான்:
"என்னையும் எண்ணினியா?"
"எண்ணினேன்."
வண்டி போய்க்கொண்டே இருந்தது, நீளமாய்.
"எத்தினியாவது?"
சொன்னேன்.
தலையை ஆட்டிக்கொண்டு
கியரைப் போட்டான்.